விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் கேட்போம்

சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் 'கேன்ஜாம்' என்ற பெயரில் ஹெட்போன் பிரியர்கள் கூடுகிறார்கள். பெரிய கூடம், வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் சில ஹெட்போன்கள், அவற்றை இயக்க ஆம்ப்ளிஃபையர், முன்னால் நாற்காலி. நுழைவுச்சீட்டு எடுத்தவர் யாரானாலும் உட்கார்ந்து, சில ஆயிரம் ரூபாயிலிருந்து சில லட்சம் ரூபாய் வரை விலையுள்ள கருவிகளைக் காதில் மாட்டிக் கேட்கலாம். தன் செல்போனில் இருக்கும் பாட்டையே போட்டுப் பார்க்கலாம். டோக்கியோவில் ஃபூஜியா ஏவிக் என்ற கடை இதேபோல ஹெட்போன் திருவிழா நடத்துகிறது. ஸ்பீக்கர்களை முதன்மையாகக் கொண்ட கூடல்களில் பெயர்பெற்றது ஜெர்மனியின் 'ஹை எண்ட்' கண்காட்சி. 1982இல் தொடங்கிய அது, 2004இல் மியூனிக்குக்கு இடம் மாறிப் பல ஆண்டுகள் அங்கேயே நடந்தது. இவை தவிர, நாலைந்து நண்பர்கள் தத்தம் கருவிகளை ஒருவர் வீட்டுக்குத் தூக்கிவந்து மாற்றி மாற்றிக் கேட்கும் சிறு சந்திப்புகளும் உண்டு. இணையத்தில் படத்தைப் பார்த்தே பொருள் வாங்கிப் பழகிவிட்ட காலத்தில், வாங்கும் முன் கேட்டுப் பார்க்க ஓர் இடம் இருப்பது பெரிய விஷயம். ஆனால் அங்கே போகிறவர்கள் காதால் மட்டும் கேட்டுவிட்டு வருவதில்லை. கருவியின் விலை, பெயர், பளபளப்பு, சத்தத்தின் அளவு எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு எழுதுகின்றன. கேட்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் இந்தக் கூடல்களைப் போலப் பயனுள்ளவை வேறில்லை. மாற்றிக்கொள்ளாவிட்டால் அவை விற்பனைக் கூடங்களாகவே நின்றுவிடும்.

ஊரைக் கூட்டி ஒலிக்கருவியைக் கேட்கவைக்கும் வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவில் எடிசனின் நிறுவனம் 1915 முதல் பத்தாண்டுகள் போல 'டோன் டெஸ்ட்' என்ற நிகழ்ச்சிகளை ஊர் ஊராக நடத்தியது. மேடையில் பாடகியும் ஃபோனோகிராஃபும் இருக்கும். பாடகி பாடுவார், விளக்கை அணைப்பார்கள், மறுபடி விளக்கு எரியும்போது அவர் மேடையிலேயே இருக்கமாட்டார், பாட்டு மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும். நேரில் பாடியது எது, கருவி பாடியது எது என்று தெரியவில்லை எனப் பலரும் வியந்தார்கள். இன்று அந்தப் பதிவுகளைக் கேட்டால் இது எப்படி நடந்தது என்று திகைப்பாக இருக்கும். பாடகர்கள் தங்கள் குரலைக் கருவியின் அளவுக்கும் தொனிக்கும் ஏற்றபடி அடக்கிப் பாடினார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், வார்ஃப்டேல் நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ், குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கருடைய ஆம்ப்ளிஃபையர்களை வைத்து, நேரடி இசையையும் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தார். 1958இல் மில்வாக்கி நகரக் கண்காட்சிக்கு ஜான் காஸ் ஒரு சிறிய ரெக்கார்டு பிளேயரை விற்கக் கொண்டுபோனார். அதன் ஒலியைத் தனியே கேட்டுக் காட்ட ஒரு ஸ்டீரியோ ஹெட்போனையும் வைத்திருந்தார். வந்தவர்கள் பிளேயரைக் கண்டுகொள்ளவில்லை, ஹெட்போனைத்தான் கேட்டார்கள். இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போன் விற்கும் தொழில் அங்கேதான் சூடுபிடித்தது. கூடலுக்கு இரண்டு முகம் உண்டு என்பதை இந்த நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. விற்பவர் ஏற்பாடு செய்த சூழலில் கூட்டம் முழுவதையும் ஏமாற்றவும் முடியும். விற்பவரே எதிர்பாராத உண்மையைக் கூட்டம் கண்டுபிடிக்கவும் முடியும். எது நடக்கும் என்பது எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

காதை ஏமாற்றும் முதல் விஷயம் ஒலியளவு. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சத்தம் குறைந்திருக்கும்போது தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கிப்போகின்றன என்பது அதன் சாரம். வால்யூமைச் சற்றே கூட்டினால் பேஸ் மேலெழுந்து வரும், இசை 'நிறைந்து' ஒலிக்கும். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களில் ஒன்று ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான அளவில் கூடுதல் சத்தம் தந்தால், கேட்பவருக்குச் சத்தம் கூடியதாகத் தோன்றாது. தரம் கூடியதாகத் தோன்றும். 'இதில் தெளிவு அதிகம், அதில் உயிர் இல்லை' என்று சொல்வார். இது அவருடைய குறையல்ல, காதின் இயல்பு. கண்காட்சியில் ஒவ்வொரு மேசையிலும் வால்யூம் குமிழ் ஒவ்வொரு நிலையில் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்தவர் வைத்துவிட்டுப்போன அளவிலேயே அடுத்தவர் கேட்கிறார். அங்கே கேட்கும் பல 'வித்தியாசங்கள்' கருவிகளுடையவை அல்ல, குமிழ்களுடையவை.

இரண்டாவது, கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஸ்பீக்கர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், பிறகு ஹார்மன் நிறுவனத்தில் சீன் ஆலிவுடன் சேர்ந்து செய்த சோதனை 1994இல் வெளியானது. நாற்பது பேர், நான்கு ஸ்பீக்கர்கள். முதலில் திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தபடியே மதிப்பெண் போடச் சொன்னார்கள். கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே, ஒலியோடு பழகியவர்கள். ஆனாலும் ஸ்பீக்கரைப் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, விலை கூடியவற்றுக்கு ஏறின. திரைக்குப் பின்னால் நன்றாகவே ஒலித்த சிறிய, மலிவான ஸ்பீக்கருக்கு இறங்கின. இன்னொன்றும் தெரிந்தது. அறையில் ஸ்பீக்கரை இடம் மாற்றி வைக்கும்போது ஒலி உண்மையாகவே மாறுகிறது. திரை இருந்தபோது அந்த மாற்றத்தைக் கண்டுகொண்ட அதே காதுகள், ஸ்பீக்கரைப் பார்த்தபோது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அதாவது கண் இரண்டு விதத்தில் கெடுக்கிறது: இல்லாத வித்தியாசத்தைக் காட்டுகிறது, இருக்கும் வித்தியாசத்தை மறைக்கிறது. இந்த இரண்டாவது கேடுதான் ஒலிப் பிரியரை அதிகம் கவலைப்பட வைக்க வேண்டும். தன் காதின் கூர்மையைப் பெருமையாக நினைப்பவர், அந்தக் கூர்மையைக் கண்ணிடம் பறிகொடுக்கச் சம்மதிக்கலாமா?

மூன்றாவது, விலை. விலை கூடினால் ஒலி மேம்படும் என்பது எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட எண்ணம். யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல், 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைக் காட்டும் அதிர்வெண் வரைபடமே ஒரு ஹெட்போனின் குணத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பார்கள். அந்த வரைபடத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்றது அவருடைய முடிவு. விலை எதையும் தராது என்று இதற்குப் பொருள் இல்லை. நல்ல தோல், உறுதியான உலோகம், மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்கள், பல ஆண்டு நீடித்து உழைக்கும் தன்மை எல்லாம் விலையோடு வரலாம். ஆனால் ஒலி விலையோடு தானாக வந்துவிடுவதில்லை. கேட்டுப் பார்க்கும் கூடலுக்கு இதைவிட வலுவான நியாயம் வேறு வேண்டியதில்லை. விலைச்சீட்டு சொல்லாத ஒன்றைச் சொல்லும் வேலை காதுக்கு மட்டுமே இருக்கிறது. அந்தக் காதை விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்க வைத்தால், வந்த வேலையே வீணாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மாற்று வழியைச் செய்துகாட்டியவர்களும் ஒலிப் பிரியர்களே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 'சவுத்ஈஸ்டர்ன் மிச்சிகன் வூஃபர் அண்ட் ட்வீட்டர் மார்ச்சிங் சொசைட்டி' என்று ஒரு சங்கம். பொழுதுபோக்காகக் கருவிகளைச் செய்து, கூடி, கேட்டு, வாதாடுகிறவர்கள். யார் சொல்வது சரி என்ற சண்டையைத் தீர்க்க 1970களின் பிற்பகுதியில் அவர்கள் ஒரு பெட்டியைச் செய்தார்கள். அதில் ஏ, பி, எக்ஸ் என்று மூன்று பொத்தான்கள். ஏ என்பது ஒரு ஆம்ப்ளிஃபையர், பி இன்னொன்று. எக்ஸ் அந்த இரண்டில் ஏதோ ஒன்று. எது என்பதைப் பெட்டியே குலுக்கல்போல் தேர்ந்தெடுக்கும், கேட்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். கடைசியில் எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். பதினாறு முறை கேட்டு பன்னிரண்டு முறை சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நடந்திருக்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. ஆகவே வித்தியாசம் உண்மையிலேயே கேட்கிறது என்று ஏற்கலாம். டேவிட் கிளார்க் 1982இல் இந்த முறையை ஆடியோ பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் விளக்கி எழுதினார். பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் அல்ல, ஆர்வலர்களின் கூடலில் பிறந்த கருவி இது. சிறு கூடல்களால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

அந்த முறையால் மிகவும் அடிபட்டவை ஆம்ப்ளிஃபையர் பற்றிய நம்பிக்கைகள். 1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ், சுமார் 220 டாலர் விலையுள்ள, ஆம்ப்ளிஃபையர் அடங்கிய ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபையர் வரை ஆறு கருவிகளை இப்படிச் சோதித்தது. ஆம்ப்ளிஃபையருக்கு ஆம்ப்ளிஃபையர் ஒலி மாறும் என்று உறுதியாக நம்பியவர்களும், மாறாது என்றவர்களும் கேட்டார்கள். மொத்த முடிவு காசைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமமாக வந்தது. காரணம் எளிது. ஆம்ப்ளிஃபையரின் வேலை வந்த சிக்னலை உருமாறாமல் பெரிதாக்குவது. அந்த வேலையை மின்னணுவியல் எப்போதோ நன்றாகச் செய்யக் கற்றுவிட்டது. அதற்காக எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. சக்தி போதாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி உடையும். நுண்ணுணர்வு மிக்க இயர்போனில் இரைச்சல் தெரியும். ஹெட்போனோடு பொருந்தாவிட்டால் ஒலியின் நிறமே மாறும். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 300 ஓம் என்று குறிப்பிடப்பட்டாலும், 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமைத் தாண்டுகிறது. வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓம் உள்ள ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரில் இதை மாட்டினால், அந்த இடத்தில் பேஸ் சுமார் ஒரு டெசிபெல் கூடும். பூஜ்யத்தை ஒட்டிய இம்பீடன்ஸ் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அப்படிக் கூடாது. 'வால்வின் கதகதப்பு' என்று சிலாகிக்கப்படுவதில் ஒரு பங்கு இந்த எளிய கணக்கு. அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நல்லது.

கூடலின் முழுப் பயன் கிடைப்பது ஹெட்போனில். ஹெட்போனின் ஒலி அதன் தயாரிப்பில் மட்டும் முடிவதில்லை, மாட்டுகிறவரின் தலையிலும் காதிலும்தான் முழுமை பெறுகிறது. காது மடலின் வளைவுகளும் செவிக்குழலின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். செவிக்குழல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை இயல்பாகவே பெருக்கிக் கொடுக்கிறது; அந்தப் பெருக்கம் எங்கே, எவ்வளவு என்பதும் ஒருவருக்கு ஒருவர் வேறு. காதைச் சுற்றி அமரும் மெத்தை கன்னத்தோடும் தலைமுடியோடும் ஒட்டி மூடினால்தான் பேஸ் தங்கும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அதன் காம்பு மெத்தையைச் சற்றே தூக்கிவிடுகிறது. அந்த இடுக்கு வழியே பேஸ் கசிந்துபோகிறது. 'இதில் பேஸ் குறைவு' என்று ஒருவரும் 'பேஸ் அதிகம்' என்று இன்னொருவரும் ஒரே ஹெட்போனைப் பற்றி எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எடை, தலையை இறுக்கும் அழுத்தம், வியர்வை இவையெல்லாம் எந்த விமர்சனக் கட்டுரையாலும் சொல்லிமுடியாதவை. செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குவதுபோல ஹெட்போனையும் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் வெளிச்சத்தத்தை உள்ளே விடுகின்றன. நூறு பேர் பேசும் கூடத்தில் அவை தங்கள் நுட்பத்தை இழக்கின்றன. மூடிய வகைகள் அங்கே தகுதிக்கு மேல் நன்றாகத் தெரிகின்றன. அமைதியான அறை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தால் திறந்தவகை ஹெட்போனை அங்கே கொண்டுபோய்க் கேட்பதுதான் முறை.

ஸ்பீக்கர் விஷயம் ஆம்ப்ளிஃபையருக்கும் ஹெட்போனுக்கும் இடைப்பட்டது. நடு, உயர் அதிர்வெண்களில் ஸ்பீக்கரின் குணமே முதன்மையாகக் கேட்கும். அதை எந்த ஊரிலும் கேட்டு மதிப்பிடலாம். ஏறத்தாழ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிட்டால் அறைதான் ராஜா. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிலைத்து நின்றுவிடும். அதன் மடங்குகளிலும் அப்படியே. அதனால் சில சுரங்கள் வீங்கும், சில காணாமல் போகும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினால் பேஸ் வேறாகக் கேட்கும். கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்த அறையில் கேட்ட பேஸைக் கொண்டு நம் வீட்டு ஹாலில் என்ன கேட்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஸ்பீக்கர்களைக் கேட்கப் போகிறவர் குரலும் வீணையும் வயலினும் எப்படி ஒலிக்கின்றன என்பதில் கவனம் வைப்பதும், பேஸ் பற்றிய தீர்ப்பைத் தன் வீட்டில் வைத்துக் கேட்கும் வரை தள்ளிப்போடுவதும் சரியாக இருக்கும்.

இதற்கெல்லாம் எதிர்ப்பு உண்டு, அதைக் கேட்கத்தான் வேண்டும். மறைத்துக் கேட்கும் சோதனை இயல்பானதல்ல, தேர்வு எழுதுவதுபோன்ற பதற்றத்தில் நுண்ணிய வித்தியாசங்கள் நழுவிவிடும், வீட்டில் பல நாள் கேட்டால்தான் தெரியும் என்பது ஒரு வாதம். பதற்றம் இருக்கலாம். ஆனால் மறைத்துக் கேட்பதற்கு நேர வரம்பு கிடையாது. எக்ஸ் பொத்தானோடு மாதக்கணக்கில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒலியின் நுண்விவரங்களைக் காது சில விநாடிகளுக்கு மேல் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதால், உடனுக்குடன் மாற்றிக் கேட்பதுதான் நுண்ணிய வித்தியாசத்துக்கு அதிக வாய்ப்புத் தருகிறது. மேலும், எம்பி3 போன்ற சுருக்கப்பட்ட ஒலிவடிவங்களை உருவாக்கியபோது, பழகிய காதுகளைக் கொண்டு மறைத்துக் கேட்கும் சோதனைகளை நடத்தித்தான் குறைகளைத் தேடினார்கள். நுண்ணிய குறைகளை மறைக்கும் முறையாக இருந்திருந்தால் அந்தத் துறை அதை நம்பியிருக்காது.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட மென்மையானது, அதனாலேயே வலுவானது. இசை கேட்பது இன்பத்துக்காக. அழகான மரப்பெட்டியும் ஒளிரும் வால்வும் அந்த இன்பத்தில் சேர்ந்தவைதானே, எதற்காக எல்லாவற்றையும் திரையால் மூட வேண்டும்? நியாயமான கேள்வி. கைவேலையை ரசிப்பதும் அதற்குப் பணம் கொடுப்பதும் யாருக்கும் தவறல்ல. ஆனால் அழகுக்குக் கொடுத்த பணத்தை ஒலிக்குக் கொடுத்ததாகச் சொல்லும்போது, அதை நம்பி அடுத்தவர் தன் சேமிப்பைச் செலவழிக்கிறார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஹெட்போன் வாங்கும் இளைஞருக்கு, 'இதற்கு இரண்டு மடங்கு விலையில் ஆம்ப்ளிஃபையர் வாங்காவிட்டால் இது முழுசாக ஒலிக்காது' என்று சொல்லப்படும் அறிவுரை சிறிய பாதிப்பு அல்ல. நமக்குப் பிடித்தது என்று சொல்வதும், இது மேலானது என்று சொல்வதும் வேறு வேறு. முதலாவதற்குச் சான்று தேவையில்லை. இரண்டாவதற்குக் கட்டாயம் தேவை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வருகிறது: அளவீட்டு வரைபடங்கள் கிடைக்கின்றனவே, கூடுவதே வீண் என்று. வரைபடம் ஒரு செயற்கைக் காதில் அளந்தது. அது யாருடைய காதும் அல்ல. வரைபடத்தை வைத்து நூறிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவரவர் காதே வேண்டும்.

எனவே கூடல்களை நடத்துகிறவர்களும் போகிறவர்களும் செய்ய வேண்டியவை சில உண்டு. எதுவும் பெரும் செலவு வைப்பதல்ல. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிடுவதானால், 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஹெட்போனையோ ஸ்பீக்கரையோ மாட்டிய நிலையில், வெளியீட்டு முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இல்லாதபடி குமிழைத் திருகினால், ஒலியளவு சுமார் 0.1 டெசிபெல்லுக்குள் சமமாகிவிடும். ஒரு நண்பர் துணிக்குப் பின்னால் நின்று கருவியை மாற்றட்டும். எதை மாற்றினார் என்று கடைசியில் சொல்லட்டும். ஹெட்போனை மாட்டும்போது மறைப்பது கடினம்தான். அங்கே குறைந்தபட்சம் விலையைக் கேட்காமலேயே முதலில் கேட்டு, தோன்றியதை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு விலையைக் கேட்கலாம். விற்பவர் போடும் பளிச்சென்ற பாட்டை மட்டும் கேட்டு மயங்காமல், தலைகீழாகத் தெரிந்த நம் பாட்டைக் கொண்டுபோக வேண்டும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் கும்கி விழும்போது அது தெளிவாக வளைகிறதா அல்லது வெறும் உறுமலாகக் கரைகிறதா, வலந்தலையின் சாப்பு காதைக் குத்துகிறதா, தம்புராவின் மேல் இழைகள் பாடகரின் குரலுக்குப் பின்னால் தொடர்ந்து கேட்கின்றனவா என்று பார்த்தால், ஒரு கருவியின் தாழ்வும் உயர்வும் சில நிமிடங்களில் பிடிபடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காதைக் காப்பாற்ற வேண்டும். வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 90 டெசிபெல்லில் சுமார் 4 மணி நேரமே மிச்சம். இரைச்சலான கூடத்தில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது, வாங்கப்போகும் கருவியைக் கேட்கும் காதையே செலவழிப்பதாகும்.

இந்தக் கூடல்கள் பெருக வேண்டும், நம் ஊர்களிலும் நடக்க வேண்டும். நடத்துகிறவர்கள் ஒரு மூலையில் ஒரு திரை, ஒரு மல்டிமீட்டர், மாற்றிக் கேட்க ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்தாலே போதும். அந்த மூலைதான் கூட்டத்தின் மதிப்புமிக்க மேசையாக இருக்கும். போகிறவர்கள் முதலில் ஹெட்போனை மாட்டிப் பாருங்கள், பிறகு ஸ்பீக்கரைக் கேளுங்கள், ஆம்ப்ளிஃபையருக்குக் கடைசியில் வாருங்கள்; பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவிடுங்கள். வித்தியாசம் கேட்டால் வாங்குங்கள். கண்ணை மூடியபோது கேட்காவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அதில் நல்ல கச்சேரிக்கு ஒரு டிக்கெட் வாங்குங்கள்.